போர்வெல் வண்டி வருவதற்கு முன்: நம் கொங்குப் பூமிக்கு நிலத்தடி நீர் வரைபடம் போடுவது எப்படி

எங்கள் சித்தப்பா தோட்டத்தில் மூன்று போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருக்கிறது. காங்கயத்துக்குத் தெற்கே, ஊதியூர் மலை தெரிகிற தூரம். முதலாவது 620 அடி, அடுத்தது 850, கடைசியாகப் போட்டது 1,100. முதலாவதில் மட்டும்தான் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது, அதுவும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். மற்ற இரண்டிலும் வெறும் புகை, அதாவது தண்ணீர் இல்லாமல் பாறைத்தூள் மட்டும். மூன்றாவது போர் ஓடிய ராத்திரி நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வெள்ளை மாவு மாதிரி பாறைத்தூள் தென்னை மட்டை, மாட்டுச்சாலைக் கூரை, எங்கள் தலைமுடி என்று எல்லாவற்றிலும் படிந்தது; ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் சித்தி வாசப்படியிலிருந்து எழுந்து வந்து தூளைக் கையில் எடுத்து ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடம் போடக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர், இன்டர்நெட், பத்து நாள் பொறுமை, அப்புறம் வெயிலில் நடக்க ஒரு ஜோடி செருப்பு இருந்தால் யாரும் செய்யலாம். மென்பொருள் செலவு ஒரு ரூபாய் கிடையாது. இணையத்தில் இதற்குக் கிடைக்கிற பாடங்களில் நிறைய கடற்கரை மணல் பூமிக்கும் டெல்டாவுக்கும் எழுதியவை. மண்ணுக்கும் சரிவுக்கும் அவை கொடுக்கிற மதிப்பெண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாறைமேல் இருக்கிற நம் பூமியில் போட்டால் வரைபடம் அழகாக வரும், ஆனால் தப்பாக வரும். அதனால் இதை நம் கொங்குப் பூமிக்கென்றே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்

எந்தச் செயற்கைக்கோளும் 300 அடி கீழே இருக்கிற தண்ணீரைப் பார்ப்பதில்லை. கிரேஸ் என்று ஒரு இரட்டைச் செயற்கைக்கோள் 2002 முதல் 2017 வரை சுற்றியது, 2018இல் அதற்கு அடுத்தது போனது. அவை பூமியின் ஈர்ப்பு விசை மாறுவதை வைத்து நிலத்தடி நீர் கூடுவதையும் குறைவதையும் சொல்லும். ஆனால் அதன் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம். கோயம்புத்தூரிலிருந்து கரூர் வரைக்கும் சேர்த்து ஒரே புள்ளி மாதிரிதான் தெரியும். ஒரு தோட்டத்துக்கு அது உதவாது.

நாம் செய்யப்போவது வேறு. மழைத்தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே இறங்கும், இறங்கினது எங்கே தங்கும் என்பதற்கு மேற்பரப்பில் தெரிகிற அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, கூட்டிப் பார்ப்பது. அதிலிருந்து கிடைப்பது 'இந்த ஐம்பது ஏக்கரில் இந்தப் பத்து ஏக்கர் தேவலை' என்கிற அளவுக்கான விடை. அந்தப் பத்து ஏக்கருக்குள் புள்ளி குறிக்க, நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கிற மின்தடை ஆய்வுதான் செய்ய வேண்டும். வரைபடத்தை மட்டும் நம்பி வண்டியைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

நம் பூமியில் தண்ணீர் எங்கே இருக்கிறது

கொங்கில் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட் என்று கெட்டிப்பாறை. பாறைக்குள் ஓட்டை கிடையாது. தண்ணீர் தங்குவதற்கு இரண்டே இடம்தான். ஒன்று, மேலே மக்கி உதிர்ந்து கிடக்கிற பாறைப் பகுதி. நம்மூர்க்காரர்கள் சுக்காம்பாறை, ஓடைக்கல், உளுத்த பாறை என்று பல பேரில் சொல்வது இந்தப் பகுதியில் வருகிறதைத்தான். அந்தக் காலத்துக் கிணறுகள் எல்லாம் இந்தத் தண்ணீரை நம்பித் தோண்டியவை. இரண்டு, அதற்குக் கீழே கெட்டிப்பாறையில் இருக்கிற விரிசல். போர் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த விரிசல் ராடில் மாட்டுகிறதா என்பதில் இருக்கிறது.

அதனால் நம் வரைபடத்தில் இரண்டு கேள்விக்குத்தான் முதல் இடம்: மக்கின பகுதி எவ்வளவு கனம், விரிசல் எங்கே ஓடுகிறது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

படி 1: எல்லையையும் ஆயத்தொலை அமைப்பையும் முடிவு செய்வது

ஊராட்சி எல்லையை வைத்து வேலை செய்யாதீர்கள். தண்ணீருக்கு ஊராட்சி தெரியாது. உங்கள் தோட்டம் எந்தப் பள்ளத்தில், அதாவது ஓடையில், வடிகிறதோ அந்தப் பள்ளத்தின் முழு வடிநிலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதிலிருந்து முந்நூறு சதுர கிலோமீட்டர் வரை இருந்தால் ஒருவர் நடந்து சரிபார்க்க முடியும்.

க்யூஜிஐஎஸ் என்கிற இலவச வரைபட மென்பொருளை இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். பிராஜெக்ட் திறந்தவுடன் ஆயத்தொலை அமைப்பை மீட்டர் கணக்குக்கு மாற்ற வேண்டும், இதில்தான் நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அந்த மீட்டர் கணக்கு அமைப்புக்கு யுடிஎம் என்று பெயர், அதில் மண்டலம் 43க்கும் 44க்கும் நடுவில் இருக்கிற கோடு 78 டிகிரி கிழக்கு. அது கொடுமுடிக்கும் கரூருக்கும் நடுவில் போகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு எல்லாம் 43இல் வரும், மென்பொருளில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32643. கரூர், நாமக்கல், சேலம் 44இல் வரும், இபிஎஸ்ஜி 32644. உங்கள் வடிநிலம் கோட்டைத் தாண்டினால் பெரும்பகுதி எந்தப் பக்கமோ அந்த ஒன்றையே எல்லாப் படத்துக்கும் வையுங்கள். கலந்து வைத்தால் ஒரு படம் ஓரிடத்திலும் இன்னொன்று வேறிடத்திலும் போய் உட்காரும், அதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

படி 2: இறக்க வேண்டியவை

உயர மாதிரிக்கு, அதாவது நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றின் உயரத்தையும் வைத்திருக்கிற படத்துக்கு, எஸ்ஆர்டிஎம் போதும், ஒரு கட்டம் 30 மீட்டர். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் வைத்து அளந்தது. கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் கிடைத்தால் அதை எடுங்கள், அது புதியது. இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் உயர மாதிரியும் உண்டு. எதை எடுத்தாலும் இவை மரத்தலையையும் சேர்த்து அளக்கிறவை என்பது நினைவில் இருக்கட்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு சின்ன மேடு மாதிரி தெரியும்.

படத்துக்கு சென்டினல்-2 செயற்கைக்கோள். முக்கிய பட்டைகள் (ஒவ்வொரு ஒளி வகைக்கும் எடுத்த தனித்தனிப் படம்) 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒருமுறை. பழைய வருஷத்துக்கு லேண்ட்சாட் 8, 30 மீட்டர். பாறை வகைக்கு இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் பூகோஷ் தளம். நிலவடிவத்துக்குப் புவன். அதிலேயே பூஜல் என்ற பகுதியில் குடிநீர்த் திட்டத்துக்காக நாடு முழுவதும் 1:50,000 அளவில் போட்ட நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடம் இருக்கிறது, அதைக் கட்டாயம் பாருங்கள். நீங்கள் போடுவது அதைவிட நெருக்கமாக இருக்கப்போகிறது, ஆனால் அதோடு ரொம்ப முரண்பட்டால் எங்கேயோ பிசகு என்று அர்த்தம்.

மழை? பாடங்களில் எல்லாம் மழையை ஒரு அடுக்காக வைக்கச் சொல்வார்கள். சிர்ப்ஸ் மழைத் தரவின் ஒரு கட்டமே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். உங்கள் வடிநிலம் முழுக்க பத்துப் பன்னிரண்டு கட்டம் வந்தால் அதிகம், பெரிய வித்தியாசமும் இருக்காது. வால்பாறையையும் மூலனூரையும் ஒரே படத்தில் போடுகிறவர்களுக்கு மழை அடுக்கு வேண்டும். அங்கே 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும், இங்கே அதில் கால்வாசிகூட வராது. ஒரு பள்ளத்துக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள்.

படி 3: உயர மாதிரியிலிருந்து மூன்று படம்

முதலில் உயர மாதிரியில் பிழையாக வருகிற குழிகளை நிரப்புங்கள்; சாகா என்கிற கருவித் தொகுப்பில் 'ஃபில் சிங்க்ஸ்' என்று இருக்கும், வாங் அண்ட் லியூ முறை. அப்புறம் ஓட்டத் திசை, ஓட்டச் சேர்க்கை (ஒரு கட்டத்துக்கு மேலேயிருந்து எத்தனை கட்டத்துத் தண்ணீர் வந்து சேர்கிறது என்பது), அதிலிருந்து பள்ளங்களின் கோடு. எத்தனை கட்டம் சேர்ந்தால் பள்ளம் என்று கேட்கும். 500 கொடுத்துப் பாருங்கள். 30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர், அதனால் 500 கட்டம் என்றால் 0.45 சதுர கிலோமீட்டர். வந்த கோட்டைக் கூகுள் படத்தின்மேல் வைத்து, நீங்கள் சின்ன வயதில் குளித்த பள்ளம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எண்ணைக் குறையுங்கள்.

இதிலிருந்து சரிவு, வடிகால் அடர்த்தி, ஈரக் குறியீடு என்று மூன்று அடுக்கு கிடைக்கும். ஈரக் குறியீடு என்பது மேலேயிருந்து வந்து சேரும் பரப்பை அந்த இடத்தின் சரிவால் வகுத்து மடக்கை எடுப்பது. நிறையத் தண்ணீர் வந்து மெதுவாக நகர்கிற இடம் உயர்ந்து தெரியும். நம் சமவெளியில் சரிவு பெரும்பாலும் 3 டிகிரிக்குள்தான். சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர் மாதிரி தனிக்குன்றுகளைத் தவிர மற்ற இடத்தைச் சரிவு பிரித்துக் காட்டாது, ஈரக் குறியீடுதான் காட்டும். மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் மூன்றுக்கும் பெரிய மதிப்பெண் கொடுத்தால் ஒரே சாட்சியை மூன்று தடவை கூப்பிட்ட மாதிரி ஆகும்.

படி 4: விரிசல் கோடு

இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். அவசரப்பட வேண்டாம்.

பாறையில் இருக்கிற பெரிய விரிசல் மேலே நேர்கோடாக வெளிப்படும். நேராக ஓடுகிற பள்ளம், சட்டென்று செங்குத்தாகத் திரும்புகிற ஓடை, கோடு போட்ட மாதிரி நிற்கிற பனை, வறண்ட காட்டுக்கு நடுவே ஈரம் வடிகிற ஒரு பட்டை, இப்படி. உயர மாதிரியில் நிழல் படம் போடுங்கள். வெளிச்சத்தை ஒரே பக்கமிருந்து காட்டினால் அந்தத் திசையில் ஓடும் கோடு மறைந்துவிடும். அதனால் 0, 45, 90, 135 டிகிரி என்று நான்கு திசையிலிருந்து நான்கு நிழல் படம். அதோடு சென்டினல் படத்தை 8, 4, 3 பட்டைகளில் போட்டால் செடிகொடி சிவப்பாகத் தெரியும். ஐந்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கையால் கோடு போடுங்கள்.

தானாகக் கோடு எடுத்துக் கொடுக்கிற மென்பொருள்களும் உண்டு. நம் பகுதியில் அவை கீழ்பவானி வாய்க்காலை விரிசல் என்று சொல்லும், ஈரோடு–கோவை ரயில் பாதையைச் சொல்லும், உயர்அழுத்த மின்கம்பி போகிற தடத்தைச் சொல்லும். காங்கயம், தாராபுரம் பக்கம் இன்னும் மோசம். கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டை, சுற்றி நேர்நேராக ஓடுகிற கிளுவை வேலி அத்தனையும் கோடாக வந்து நிற்கும். ஆகவே கைதான் நல்லது. ஒவ்வொரு கோட்டையும் கூகுள் படத்தில் வைத்து, ரோடா, வேலியா, வாய்க்காலா என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

எங்கள் சித்தப்பா தோட்டத்துக்கு நான் போட்ட முதல் நல்ல கோடு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். மே மாதப் படத்தில் பள்ளத்தை ஒட்டிச் சிவப்பு இருந்தது, அது சாதாரணம். ஆனால் பள்ளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்று வடகிழக்காக ஏறிப் போனது, ஆறேழு கட்டம் நீளம், நடுவில் அறுந்து அறுந்து. நேரில் போய்ப் பார்த்தால் பதினோரு பனைமரம், ஒன்றுக்கொன்று பக்கத்து வரப்பில், யாரும் நட்டதாக யாருக்கும் நினைவில்லை. காலடியில் வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) சில்லுகள் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தன. அந்தக் கோட்டின் மேல்தான் இன்னும் தண்ணீர் தருகிற 620 அடி போர் இருந்தது. மற்ற இரண்டும் அதிலிருந்து தெற்கே தள்ளி, கெட்டிப் பாறையில்.

வெங்கச்சாங்கல் ஓட்டமும், பெக்மடைட் என்கிற பெருமணிப் பாறை ஓட்டமும் நம் பகுதியில் நிறைய உண்டு. காங்கயம்–கரூர் பக்கத்து ரத்தினக் கற்கள் வந்தது அதிலிருந்துதான், கொடுமணலில் மணி செய்தவர்கள் கல் எடுத்ததும் இந்தப் பூமியில்தான். அந்த ஓட்டங்களின் ஓரம் பாறை உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். கருப்புக் கல் சுவர் மாதிரி நீளமாக ஓடுகிற டைக் வேறு விஷயம். அது நிலத்தடியில் அணை மாதிரி நின்று மேட்டுப் பக்கம் தண்ணீரைத் தேக்கும், கீழ்ப்பக்கம் காய்ந்து கிடக்கும். அதைத் தனி நிறத்தில் வரையுங்கள், விரிசலோடு சேர்க்காதீர்கள்.

கோடுகள் முடிந்ததும் 'லைன் டென்சிட்டி' கருவியில் ஒரு கிலோமீட்டர் ஆரம் கொடுத்து அடர்த்திப் படம் எடுங்கள். அது மீட்டர் கணக்கில் வரும். ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கோடு என்பது கிடைக்கும். இரண்டு கோடு வெட்டிக்கொள்கிற புள்ளிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

படி 5: நிலவடிவம், பாறை, மண், பயன்பாடு

புவனின் நிலவடிவப் படத்தில் வருகிற பெயர்களை நம் கண்ணால் இப்படிப் புரிந்துகொள்ளலாம். குன்று: ஒன்றும் நிற்காது, 1 மதிப்பெண். குன்றின் அடியில் மெல்லிய மண்ணோடு பாறை தலைகாட்டுகிற மேட்டாங்காடு: 2. அதே மேடு கொஞ்சம் ஆழமாக மக்கினது: 3, நன்றாக மக்கினது: 4. பள்ளத்துப் படிவு, ஆற்றங்கரை வண்டல், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் விசிறி மாதிரிப் பரவிக் கிடக்கிற சரளை: 5.

பாறையில் மக்கின, பட்டை பட்டையான நைஸுக்குக் கூடுதலும், சார்னோகைட்டுக்குக் குறைவும் கொடுங்கள். செம்மண் சரளை தண்ணீரை விடும், கரிசல் பிடித்து வைத்துக்கொள்ளும். நிலப் பயன்பாட்டுக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் 10 மீட்டர் படம் போதும். அதில் நம் கொறங்காட்டைப் புல்வெளி, புதர், வெறும் நிலம் என்று கலந்து காட்டும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கிற கொறங்காடு மழையை நன்றாக உள்ளே விடுகிற நிலம். கையால் திருத்திக் கொடுங்கள்.

படி 6: கிணறு கிணறாக நடப்பது

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இது முக்கியம், இதை விட்டுவிட்டுப் போட்ட வரைபடத்தை நான் நம்புவதில்லை. குறைந்தது ஐம்பது போரும் இருபது கிணறும் பாருங்கள். போனில் இருக்கிற ஜிபிஎஸ் போதும். ஜெயித்த போரை மட்டும் குறித்தால் பிரயோஜனம் இல்லை, தோற்ற போர்தான் அதிகம் சொல்லும். மூடாமல் கிடக்கிற போர் கண்ணில் பட்டால் அன்றைக்கே மூடி போடச் சொல்லிவிட்டு வாருங்கள்.

எல்லோரும் 'எத்தனை அடி, எவ்வளவு தண்ணீர்' என்று கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது 'கேசிங் எத்தனை அடி இறக்கினார்கள்?' மக்கின பகுதி சரிந்துவிடாமல் இருக்க இறக்குகிற குழாய்தான் கேசிங். கெட்டிப்பாறை வந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். அதாவது கேசிங் ஆழம் என்பது அந்த இடத்தில் மக்கின பகுதியின் கனம். எந்தச் செயற்கைக்கோளும் தராத அளவு அது. அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்ததால் எத்தனை வருஷம் ஆனாலும் யாரும் மறக்க மாட்டார்கள், சிலர் வீட்டில் பில்லே இருக்கும்.

பக்கத்துத் தோட்டத்து அப்பாரு ஒருவரிடம் கேட்டேன். "நாப்பது அடி கேசிங் எறக்குனாங்க கண்ணு. நூத்தியெழுபதுல ஈரம் வந்துச்சு, முன்னூத்தம்பதுல ஒரு இஞ்சி தண்ணி. அப்புறம் எண்ணூறு வரைக்கும் போனோம், வெறும் பொகைதான். அந்த முன்னூத்தம்பதோட நிறுத்தியிருக்கோணும்" என்றார். இந்த நான்கு வாக்கியத்தில் மக்கின கனம், இரண்டு விரிசல் ஆழம், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்கிற தகவல் எல்லாம் இருக்கிறது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தி எழுத வேண்டாம். வீட்டுக்கு வந்து அட்டவணையாக்கலாம், அடியை 0.3048ஆல் பெருக்கினால் மீட்டர்.

தண்ணீர் அளவை 'இஞ்சி'யில் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். முடிந்த இடத்தில் 200 லிட்டர் பேரலை வைத்து நிரம்புகிற நேரத்தைப் பாருங்கள். 40 வினாடியில் நிரம்பினால் நிமிஷத்துக்கு 300 லிட்டர். மோட்டார் போட்டதும் அளக்காதீர்கள், அரைமணி நேரம் ஓடவிட்டு அளங்கள். கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு நீர்மட்டம் பாருங்கள், கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்துவிடுங்கள். மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில் மழை எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதைக் காட்டும்.

கேசிங் ஆழங்களை 'ஐடிடபிள்யூ' முறையில், அதாவது பக்கத்துப் போருக்கு அதிக எடை கொடுத்து இடைப்பட்ட இடங்களைக் கணிக்கிற முறையில், பரப்பிப் படமாக்குங்கள். இதை நிலவடிவப் படத்தின்மேல் வைத்து, புவன் படத்தில் 'ஆழமாக மக்கினது' என்று இருக்கிற இடத்தில் கேசிங் 15 அடிதான் என்றால், கேசிங்கை நம்பி மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

படி 7: எதற்கு எவ்வளவு எடை

இதற்கு ஏஹெச்பி என்கிற முறையைப் பயன்படுத்துவார்கள். தாமஸ் சாட்டி என்கிற அமெரிக்கக் கணித அறிஞர் 1970களில் உருவாக்கியது. இரண்டு இரண்டு அடுக்காக எடுத்து, இது அதைவிட எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை எண் கொடுப்பது. அந்த அட்டவணையிலிருந்து எடையும், உங்கள் தீர்ப்பு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதா என்பதும் தெரியும். எட்டு அடுக்குக்கு அந்த அட்டவணையின் பெரிய ஐகன் மதிப்பு (கணக்கிட்டால் வருகிற ஓர் எண்) 8.6 வந்தால், அதில் 8ஐக் கழித்த 0.6ஐ 7ஆல் வகுத்து 0.086, அதை எட்டுக்கான சீரற்ற எண் 1.41ஆல் வகுத்தால் 0.06. இது 0.10க்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் எங்கேயோ அ-வை ஆ-வைவிடப் பெரியது, ஆ-வை இ-வைவிடப் பெரியது என்றுவிட்டு, இ-யை அ-வைவிடப் பெரியது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நான் தொடங்குகிற எடைகள் இவை, நூற்றுக்கு: நிலவடிவமும் மக்கின கனமும் 27, விரிசல் அடர்த்தி 23, பாறை 14, ஈரக் குறியீடு 10, மண் 8, வடிகால் அடர்த்தி 7, நிலப் பயன்பாடு 6, சரிவு 5. உங்கள் கிணறுகள் வேறு சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். தாவரப் பசுமைக் குறியீட்டை, அதாவது என்டிவிஐயை, நான் இதில் சேர்ப்பதில்லை. தண்ணீர் இருப்பதால் பச்சை வருகிறது. விளைவைக் காரணத்தின் பட்டியலில் வைத்தால் ஏற்கெனவே போர் போட்டவர்களின் தோப்பையே 'நல்ல இடம்' என்று திரும்பச் சொல்லும். அதைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

எல்லா அடுக்கையும் 'அலைன் ராஸ்டர்ஸ்' கருவியால் ஒரே 30 மீட்டர் கட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், 'ரீகிளாசிஃபை பை டேபிள்' வைத்து 1 முதல் 5க்கு மாற்றுங்கள், ராஸ்டர் கால்குலேட்டரில் ஒவ்வொன்றையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டுங்கள். 1க்கும் 5க்கும் நடுவில் ஒரு படம் வரும். நான்கு வகையாகப் பிரித்தால் போதும்.

படி 8: சரியா என்று பார்ப்பது

கிணறுகளில் மூன்றில் ஒரு பங்கை எடை போடும்போது தொடாமல் தனியே வைத்திருங்கள். அந்தத் தோட்டங்களில் நிமிஷத்துக்கு இத்தனை லிட்டருக்கு மேல் ஜெயித்தது, கீழே தோற்றது என்று பிரித்து, உங்கள் படம் இந்த இரண்டையும் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறது என்று காட்டுகிற ஆர்ஓசி வரைகோடு போட்டால் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு கிடைக்கும். 0.5 என்றால் பூவா தலையா போட்ட மாதிரி. 0.7க்கு மேல் வந்தால் பயன்படுத்தலாம். நான் முதலில் கடற்கரைப் பாடத்து எடைகளைப் போட்டபோது 0.5க்குப் பக்கத்தில்தான் நின்றது.

இன்னொரு சோதனை நம் பூமிக்கு ரொம்பப் பொருத்தம். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போய் 2017 கோடையில் தென்னை காய்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2017 ஏப்ரல்–மே லேண்ட்சாட் 8 படத்தை இறக்கி, ஐந்தாம் பட்டையிலிருந்து நான்காம் பட்டையைக் கழித்து இரண்டின் கூட்டலால் வகுத்தால் பசுமைக் குறியீடு வரும். அந்தக் கோடையிலும் பச்சையாக நின்ற இடங்களைக் குறித்து உங்கள் படத்தின்மேல் வையுங்கள். சீமைக்கருவேலம் எதிலும் பச்சையாக இருக்கும், லாரித் தண்ணீர் வாங்கிக் காப்பாற்றிய தோப்பும் இருக்கும். அவற்றைக் கேட்டு நீக்கிவிடுங்கள். மீதி இருப்பது நிஜமான தண்ணீர்.

வாய்க்காலும் சாயமும்

இரண்டு விஷயத்தை எந்தப் பாடமும் சொல்லாது. ஒன்று, வாய்க்கால் கசிவு. கீழ்பவானி 200 கிலோமீட்டர் ஓடுகிறது, அதன் கீழ்ப்பக்கம் கிணறுகள் வாய்க்கால் தண்ணீரில்தான் ஊறுகின்றன. ஆகஸ்ட் பாதியில் திறந்து கொஞ்ச நாளில் மட்டம் ஏறுவதை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கான்கிரீட் போடக் கூடாது என்று விவசாயிகள் அவ்வளவு போராடினதும் இதனால்தான். பிஏபி, அதாவது பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்திலும் இதே கதை. அங்கே ஜெயித்த போரை வைத்து உங்கள் எடைகளைச் சரிசெய்தால் மேட்டாங்காட்டுக்குப் பொய்யான நம்பிக்கை வரும். வாய்க்காலின் கீழ்ப்பக்கக் கிணறுகளைத் தனி வகையாக வையுங்கள். அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் 2024இலிருந்து 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடுகிறார்கள், அவற்றின் சுற்றுவட்டாரத்துக்கும் இதையே செய்ய வேண்டும்; அந்தப் பக்கம் பழைய நீர்மட்டக் கணக்கு இனி பொருந்தாது.

இரண்டாவது, தரம். நொய்யல் கரையை வரைபடம் 'மிக நல்லது' என்று அடர் நீலத்தில் காட்டும். ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்தது, கடைசியில் சாயக் கழிவு தேங்குகிற இடமாகி, சுற்றியுள்ள கிணறெல்லாம் உப்பானது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகும் பாறை விரிசலுக்குள் போன உப்பு சீக்கிரம் வெளியேறுவதில்லை. எனக்கு இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. ஆகவே தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி ஒவ்வொரு கிணற்றிலும் பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. 2,000ஐத் தாண்டின கிணறுகளைச் சுற்றிக் குறுக்குக்கோடு போட்டுவிடுங்கள், எவ்வளவு தண்ணீர் இருந்தாலும்.

கடற்கரையில் பூமி வைத்திருப்பவர்களுக்கு

நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கம் செய்வதாக இருந்தால் முறை இதுதான், எடை தலைகீழ். அங்கே விரிசலுக்கு இடமே குறைவு. பழைய ஆற்றுத்தடம், கடலுக்கு இணையாக ஓடுகிற மணல் மேடு, மணல் குன்று இவைதான் நல்ல தண்ணீரைத் தாங்குகின்றன. நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே இருப்பதால் உயர மாதிரியில் வருகிற சில மீட்டர் பிழை நம்மூரில் பெரிதில்லை, அங்கே எல்லாவற்றையும் கெடுக்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல நீர் என்பது கைபன்–ஹெர்ஸ்பர்க் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு ஒரு மீட்டர் இறக்கினால் உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். அதனால் கடலிலிருந்து தூரமும் தண்ணீரின் உப்பளவும் அங்கே கட்டாய அடுக்குகள், ஆழப் போவது ஆபத்து.

படம் கையில் வந்த பிறகு

நல்ல வகையில் விழுந்த இடத்தில், விரிசல் கோட்டுக்குக் குறுக்காக மூன்று நான்கு இடத்தில் மின்தடை ஆய்வு செய்யச் சொல்லுங்கள். கோட்டுக்கு இணையாகச் செய்தால் விரிசல் தப்பிவிடும். போர் ஓடும்போது ஒவ்வொரு ராடுக்கும் தூளின் நிறத்தை எழுதிக்கொள்ளுங்கள், கேசிங் அடியை நீங்களே எண்ணுங்கள். எங்கே நிறுத்துவது என்பதை வண்டி வருவதற்கு முன்பே குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு, தூள் பறக்கும்போது, இன்னும் நூறு அடி போகலாமா என்ற கேள்விக்கு யாராலும் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது.

தோற்ற போரைத் தண்ணீர் இறக்கப் பயன்படுத்தலாமா என்பதற்கும் இதே படம் உதவும். விரிசல் கோட்டுக்குப் பக்கத்தில், பள்ளத்துத் தண்ணீர் வடிகட்டித் தெளிவாக வருகிற இடத்தில் இருந்தால் ஜல்லியும் மணலும் போட்டு உள்ளே விடுங்கள். கோட்டிலிருந்து தள்ளி இருந்தால் தண்ணீர் இறங்காமல் வாய் வரைக்கும் நிற்கும். சித்தப்பாவின் 850 அடி போரில் அப்படித்தான் நின்றது. 620 அடி போருக்கு மேட்டுப் பக்கம், பனை வரிசையின் மேல் இப்போது ஒரு குட்டை வெட்டியிருக்கிறோம். போன ஜனவரியில் அந்த வரிசையில் இருக்கிற பழைய கிணற்றில் கயிறு விட்டு அளந்தேன், 58 அடியில் தண்ணீர் தட்டியது. அதற்கு முந்தின ஜனவரியில் 71. மே மாதம் மறுபடி அளக்க வேண்டும்.